வெறுங்கம்பி

விரல் வைத்து அமுக்கினால் ஒழுங்காகப் பேசுகிறது, சும்மா விட்டால்தான் ஜிர்ர் என்று அழுகிறது, இது என்ன சீக்கு என்று கனகராஜுக்குப் பிடிபடவில்லை. மறுபடியும் மீட்டினான். பேஸ் கிடாரின் நாலு கம்பியில் ஆகத் தடித்த கம்பி, பாட்டுக்கெல்லாம் அஸ்திவாரம் போடுகிற கம்பி, அது ம்ம் என்று எழும்ப வேண்டிய இடத்தில் அலுமினியச் சட்டிக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஜிர்ர் என்றது. கழுத்தின் முதல் கட்டத்தில் விரலை வைத்தான், சுத்தம். இரண்டாவது, மூன்றாவது, சுத்தம், சுத்தம். விரலை எடுத்தான், ஜிர்ர். அட பாவி, உனக்கு நான் என்னடா கேடு செய்தேன் என்று வாய்விட்டே கேட்டான். கேட்கலாம், வீட்டில் ஆள் இல்லை. சாந்தாமணி தைத்து முடித்த ஜாக்கெட்டுகளைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கருங்கல்பாளையத்தில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போயிருந்தாள். அவள் தலை தெருவில் மறைந்ததும் பேஸை எடுத்து மடியில் போட்டவன்தான், ஜன்னல் வெயில் தையல் மெஷின் மேல் உட்கார்ந்திருந்து இப்போது தரைக்கே இறங்கிவிட்டது, ஜிர்ர் மட்டும் இறங்கவில்லை. சாயங்காலம் பாட்டுக் குழுவின் வேன் வந்துவிடும், கோபியில் ஒரு கல்யாண ரிசப்ஷன், ஐப்பசி பிறந்து முதல் முகூர்த்தம். அதற்கும் முன்னால் மச்சானின் ஃபோன் வரும். மச்சான் தங்கமுத்து சாந்தாமணியின் அண்ணன், பெருந்துறை ரோட்டில் ஹாலோபிளாக் கல் போடுகிற யார்டு வைத்திருப்பவர், நல்ல மனுஷன், அதுதான் தொந்தரவே, கெட்ட மனுஷனாக இருந்தால் போய்யா என்று சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்கு வந்தவர் நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: “ப்ரோக்ராம் சரிங் மாப்ள. வேலைன்னு ஒண்ணு வேணுமில்லீங்? யார்டுல லோடு ஏத்தறது எறக்கறதப் பாத்துக்க நம்பிக்கையான ஆள் தேடீட்டிருக்கறேன். புதங்கெழம சாயந்தரம் ஃபோன் போடறேன், ஒரு வார்த்த சொல்லுங், போதும்.” ப்ரோக்ராம் சரி, வேலை என்ன. இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் ஈரோட்டில் கிடையாது. பேங்க்கில் கேட்டார்கள், ரேஷன் கடையில் கேட்டார்கள், கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவன்கூடச் சிலிண்டரை இறக்காமலே கேட்டான். சரி, ஊர் கேட்கும், சாந்தாமணி என்ன சொன்னாள்? ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் இலையில் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள், புருஷன் இலையில் ஒரு கரண்டி ஊற்றினாள், சமமாக ஊற்றினாள். அந்தக் கரண்டியில் என்ன அர்த்தம் இருந்தது என்று மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறான். அன்றைக்கே மனசுக்குள் ஒரு முடிச்சும் போட்டுக்கொண்டான், ஜிர்ர் போனால் பேஸ், போகாவிட்டால் ஹாலோபிளாக். கோயிலில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. சாமி பேரைச் சொல்லாமல் போட்டதால் வேண்டுமானால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சந்து வைத்திருந்தான், ஆனால் புதன்கிழமை நெருங்க நெருங்க அந்தச் சந்து குறுகிக்கொண்டே வந்துவிட்டது.

யோசித்துப் பார்ப்போம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். யோசித்துப் பார்க்காமலா இருந்தான்? கம்பி தாழ்ந்துவிட்டதோ என்று வால்பக்கம் இருக்கிற பிரிட்ஜில் கம்பியைத் தூக்கினான், விரலுக்கு எட்டாத உயரத்துக்கு அது போனதே தவிர ஜிர்ர் போகவில்லை. கழுத்து வளைந்துவிட்டதோ என்று கழுத்துக்குள் ஓடுகிற இரும்புத் தண்டை எல்-கீ போட்டு ஒரு திருகு திருகினான், ஜிர்ர் கொஞ்சம் கூடின மாதிரி இருந்தது, எதிர்த்திசையில் திருகினான், அதே அளவு குறைந்தது, ஆகமொத்தம் போன இடத்துக்கே திரும்பி வந்து நின்றான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை ஆகிவிடப் போகிறது என்று கையை எடுத்துவிட்டான். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு வெறும் காதால் கேட்டான், இருந்தது, மறுபடி போட்டுவிட்டான். இடம் மாறி உட்கார்ந்து, பீரோ அதிருகிறதோ, கண்ணாடிச் சட்டம் அதிருகிறதோ என்று சமையல்கட்டில் போய் வாசித்தான், அங்கேயும் இருந்தது, அங்கே தட்டுகளும் சேர்ந்து அதிர்ந்ததில் தலை இன்னும் குழம்பியது. விரல் வைத்தால் சுத்தம், விடுவித்தால் ஜிர்ர், அப்படியென்றால் குற்றவாளி ஒருத்தன்தான். கழுத்து முடிந்து தலை தொடங்குகிற இடத்தில் குறுக்கே எலும்பில் செய்த ஒரு வெள்ளைப் பட்டை, சுண்டுவிரல் நீளம், அதில் நாலு வெட்டு, நாலு கம்பியும் நாலு வெட்டில் உட்காரும். நட் என்பார்கள். வெறுங்கம்பி அதன் மேல்தான் நிற்கிறது, வெட்டு தேய்ந்துபோனால் ஜிர்ர். வாசித்து வாசித்துத் தேய்ந்திருக்கும், தேயாதா பின்னே, மனுஷன் தேய்கிறான். நட்டை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் நட் எங்கே கிடைக்கும்? மணிக்கூண்டுப் பக்கத்துக் கடையில் கேட்டால், “பேஸுக்கா? ஆறு கம்பிக் கிடாருக்குத்தானுங் இருக்குது, வேணும்னா ரெண்டு வெட்ட விட்டுப்போட்டு மாட்டிக்கங்” என்கிறார். கம்பி ஒன்றையாவது மாற்றிப் பார்க்கலாம் என்றால் பேஸ் கம்பியும் இல்லை. கோயமுத்தூரில் கேட்டால் மெட்ராஸில் கேளுங்கள் என்கிறார்கள், மெட்ராஸில் கேட்டால் மாடல் என்ன என்கிறார்கள், மாடல் எழுதியிருந்த இடம் அவன் முழங்கை பட்டுப் பட்டு அழிந்து வருஷக்கணக்காகிறது. ஆன்லைனில் போட்டால் அடுத்த வாரம் என்று காட்டுகிறது, மச்சான் அடுத்த வாரம்வரை காதில் ஃபோனை வைத்துக்கொண்டு நிற்பாரா. கடைசியில் வழி கண்டுபிடித்தான். பரணில் கிடந்த கேரம் போர்டு டப்பாவைத் தேடி ஸ்ட்ரைக்கரை எடுத்தான், கெட்டி, வழவழப்பு, வெள்ளை. அதை அறுத்து, அரத்தால் ராவி, நாலு வெட்டுப் போட்டு ஒரு நட் செய்துவிட்டான், இதோ கட்டில் மேல் கிடக்கிறது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. இனி பழையதை உளியால் தட்டிப் பெயர்த்துவிட்டு இதை ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. பெயர்க்கும்போது மரம் சில்லாகப் பெயர்ந்து வந்துவிட்டால் பேஸும் போச்சு, ப்ரோக்ராமும் போச்சு. உளி கட்டில் மேல், ஸ்ட்ரைக்கருக்குப் பக்கத்தில் கிடந்தது. கை போகவில்லை.

கை போகாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவன் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தானே ஒழிய கிட்டே போகவில்லை. ஜிப்பு. பேஸ் வைக்கிற பைக்கு இரண்டு ஜிப்பு, அவன் எப்போதும் இரண்டையும் இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்துவான், ஏன் என்று கேட்டால் தெரியாது, வழக்கம். போன வாரம் பையைத் திறக்கப் போனபோது இரண்டும் உச்சியில் நின்றன. யாரோ திறந்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் முதல் ஜிர்ர். இந்த வீட்டில் யாரோ என்றால் யார், பல்லியா திறக்கும்? கல்யாணமான புதிதில் ஒருநாள் சாந்தாமணி ஆசையாக, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் கம்பியையெல்லாம் துடைத்து வைத்திருந்தாள், பளபளவென்று இருந்தது, ப்ரோக்ராமுக்குப் போய்க் கையை வைத்தால் விரல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. வீட்டுக்கு வந்து ஒரு கத்துக் கத்தினான். இனிமேல் இதைத் தொட்டால் நடக்கிற கதையே வேறு என்றான். என்ன கதை நடக்கும் என்று அவனுக்கும் தெரியாது, அவளும் கேட்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவள் அதைத் தொட்டதே இல்லை. வீடு கூட்டும்போதுகூடப் பேஸ் சாய்ந்திருக்கிற மூலையைச் சுற்றி ஒரு வட்டம் விட்டுக் கூட்டுவாள், அந்த வட்டத்துக்குள் தூசு தனியாகச் சேரும். அப்படிப்பட்டவள் ஏன் திறந்தாள்? யாருக்காவது காட்டியிருப்பாளோ? காட்டியிருப்பாள். தங்கமுத்துவின் யார்டில் கணக்குப் பார்க்கிற பையன் ஒருவன் சர்ச்சில் கிடார் வாசிக்கிறான், அவன் வந்து பார்த்திருப்பான், இப்படித் திருகி அப்படித் திருகி, நல்ல விலைக்குக் கொடுத்துவிடலாமே அக்கா என்றிருப்பான். அண்ணனும் தங்கச்சியும் பேசி வைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தார்களா? குழம்பு சமமாக ஊற்றினாளே, அது நாடகமா? சீ, என்ன புத்தி இது என்று தலையை உதறினான். உதறினால் போகிற புத்தியா. ஆயுத பூஜைக்கு முன்னால் வீடு ஒழித்தபோது பழைய சாமான்காரன் தள்ளுவண்டியோடு வாசலில் நின்றான், உள்ளே இருந்து சாந்தாமணி குரல் கொடுத்தாள், “ஏனுங், இதையும் சேத்துப் போட்டறலாமுங்களா?” எட்டிப் பார்த்தான். அவள் கை பேஸ் இருந்த மூலைப் பக்கம் நீண்டிருந்தது. அங்கே பேஸ் இருந்தது, கிழிந்த ஸ்பீக்கர் பெட்டி இருந்தது, பழைய காலண்டர் இருந்தது. எதைக் கேட்டாள்? “எதையும் போட வேண்டாம்” என்று எரிந்து விழுந்தான். அவள் சரிங் என்று போய்விட்டாள். எதை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும், பதில் பேஸாக இருந்துவிட்டால் என்ன செய்வது, அதனால் கேட்கவில்லை, கேட்காததனால் அது பேஸாகவே உள்ளே இருந்துகொண்டு குடைகிறது.

அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, பேஸ் வாசிப்பவனை மேடையிலேயே எவன் பார்க்கிறான். பாடுகிறவனைப் பார்ப்பார்கள், டிரம்ஸ்காரன் தலையை ஆட்டினால் விசில் அடிப்பார்கள், பேஸ்காரன் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் இன்னொரு பெட்டியாக நிற்பான். நின்று நின்று அவனுக்கே அது பிடித்துப் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அவன் வாசிப்பதை யாரும் கேட்பதில்லை, ஆனால் அவன் நிறுத்தினால் பந்தலே ஒருபக்கம் சாய்ந்த மாதிரி ஆகும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவன்கூட என்னவோ குறைகிறதே என்று நிமிர்ந்து பார்ப்பான். அந்த நிமிர்ந்து பார்ப்பதைத்தான் இத்தனை வருஷமாகச் சம்பாதித்திருக்கிறான். சம்பாத்தியம் என்று மாமியாரிடம் சொல்ல முடியுமா? அந்தம்மா மாப்பிள்ளை பார்க்க வந்த அன்றே பையைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “நாலு கம்பிதான் இருக்குது, மத்த ரெண்டு எங்கீங்?” என்று கேட்ட புண்ணியவதி. வாங்கும்போதே நாலுதான் என்று இவன் சொன்னால், ஏமாத்திப்போட்டாங்க என்று அனுதாபப்பட்டாள். இப்போது அந்த நாலுக்கும் ஆபத்து. கீபோர்டு வாசிக்கிற ஜஸ்டின் இடது கையாலேயே பேஸ் போட்டுவிடுகிறான், ஜம்மென்று வருகிறது, ஜிர்ர் கிர்ர் ஒன்றும் கிடையாது. போன ப்ரோக்ராமில் குழுத் தலைவர் கனகராஜைத் தனியாகக் கூப்பிட்டு, “கனகு, என்னமோ கரகரங்குது, பாத்துக்கப்பா” என்றார். பாத்துக்கப்பா என்பதற்கு எத்தனையோ அர்த்தம். பேஸைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம், வேறு வேலை பார்த்துக்கொள் என்றும் அர்த்தம். யார்டு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். சிமெண்ட்டுத் தூசி, அதிர்வு மெஷின், டொக்டொக்கென்று கல் விழும், ஒவ்வொரு கல்லிலும் இரண்டு ஓட்டை. மெஷின் சத்தம் எந்தச் சுருதியில் இருக்கும்? ஏறக்குறைய இந்தத் தடிக் கம்பியின் சுருதியில்தான் இருக்கும் என்று பட்டது, அப்படிப் பட்டதும் பயமாக இருந்தது. நாளெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அழலாம் போல இருந்தது. அழவில்லை, ஜிர்ர் அவனுக்குப் பதிலாக அழுதுகொண்டிருந்தது.

சரி, வந்தது வரட்டும் என்று உளியை எடுத்தான். தட்டுவதற்கு வசதியாகத் தடிக் கம்பியைத் தளர்த்தி வெட்டிலிருந்து தூக்கி ஓரமாக விட்டான். கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். நட் மஞ்சளித்துப் போயிருந்தது, மற்ற மூன்று வெட்டும் பழுப்புத்தான், ஆனால் இந்த வெட்டு மட்டும் அப்படியொரு மஞ்சள். வயதானால் எலும்பு மஞ்சளிக்கும். ஒரே எலும்பில் ஒரு பல் மட்டும் எப்படி மஞ்சளிக்கும்? தையல் மெஷின் டிராயரைத் திறந்து ஓர் ஊசியை எடுத்து வெட்டுக்குள் விட்டுக் கீறினான். பொடி உதிர்ந்தது. செத்தோம், உளுத்துப்போய்விட்டது என்று நினைத்தான். உளுப்பதற்கு அது மரமில்லையே. அப்படியானால் பழைய பசையா? இதற்கு முன்னால் வைத்திருந்தவன் எவனாவது பசை வைத்து அடைத்திருந்தானா, அந்தப் பசை இப்போது உருகி, பசை உருகுமா, ஈரோட்டு வெயிலில் எதுதான் உருகாது, ஆனால் இது ஐப்பசி. இன்னும் கொஞ்சம் கீறினான். கெட்டியாகக் காய்ந்த ஒரு பொருக்கு கழன்று உள்ளங்கையில் விழுந்தது. மூக்குக்குக் கொண்டுபோனான். முகர்ந்தான். கோயில் வாசனை அடித்தது. கோயில் வாசனை எதற்கு இங்கே வருகிறது, காலையில் போட்ட சோப்பா என்று கையை முகர்ந்தான், கையில் கறிவேப்பிலை வாசனை. மறுபடி பொருக்கை முகர்ந்தான். சந்தனம். சந்தனமேதான். அதன் ஓர் ஓரத்தில் மிளகாய் விதையளவுக்குச் சிவப்பு இருந்தது, எச்சில் தொட்டுத் தேய்த்தான், விரலில் குங்குமம் இழுபட்டது. தம்பூராவில் கம்பிக்கு அடியில் நூலை நுழைத்து வேண்டுமென்றே ஒரு ரீங்காரத்தை வரவழைப்பார்கள், அதே சங்கதி. கம்பி கெட்டியான விளிம்பில் நிற்காமல் சந்தன மெத்தையில் படுத்துக்கொண்டிருக்கிறது, ஜிர்ர் என்னாமல் என்ன செய்யும். அது சரி. சந்தனம் எப்படி வந்தது?

ஆயுத பூஜை அன்றைக்கு அவன் ஊரில் இல்லை. பழனியில் வேறொரு குழுவின் பேஸ்காரனுக்குக் காய்ச்சல், இங்கேயே பேஸ் இருக்கிறது, வெறுங்கையோடு வந்தால் போதும் என்று கூப்பிட்டார்கள், வெறுங்கையோடுதான் போனான். பேஸ் வீட்டில் இருந்தது. சாந்தாமணி வீடு கழுவி, மாவிலை கட்டி, பொரி கடலை வாங்கி வைத்து, தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்திருப்பாள், கத்தரிக்கோலுக்கு வைத்திருப்பாள், இஸ்திரிப் பெட்டிக்கு வைத்திருப்பாள், அப்புறம் மூலைக்கு வந்து, அந்தத் தூசு வட்டத்தைத் தாண்டி, இரண்டு ஜிப்பையும் உச்சிவரை இழுத்து, இதன் நெற்றி எது என்று தேடியிருப்பாள். தலையும் கழுத்தும் சேருகிற இடத்தில் வெள்ளையாக ஒரு பட்டை, அதுதான் நெற்றி என்று தோன்றியிருக்கும், யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நீர்க்கக் கரைத்த சந்தனம் கம்பிக்கு அடியில் இறங்கியிருக்கும். மறுநாள் அவன் வருவதற்கு முன்னால் திட்டு விழுமே என்று துடைத்திருக்கிறாள், மேலே துடைத்தாள், அடியில் நின்றதை அவள் எங்கே கண்டாள். ஆக, கணக்குப் பையன் வரவில்லை. யாரும் திருகிப் பார்க்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டவன் பாதி மூச்சிலேயே நிறுத்தினான். எதற்கு இந்த அப்பாடா? பொட்டு வைத்தால் என்ன பெரிய அர்த்தம், மிக்சிக்கும்தான் வைத்தாள், கேஸ் அடுப்புக்கும்தான் வைத்தாள், கண்ணில் பட்டதற்கெல்லாம் வைக்கிற கை, இதற்கும் ஒன்று வைத்துவிட்டுப் போயிருக்கும். இல்லை, இல்லை, அப்படிச் சொல்ல முடியாது. போன வருஷம் அவனுடைய பழைய மொபெட்டைத் தாண்டிக்கொண்டு கிண்ணத்தோடு போனாள், இதுக்கு வைக்கலையா என்று இவன்தான் கேட்டான், “ஓடவும் மாட்டேங்குது, ஒழைக்கவும் மாட்டேங்குது, அதுக்கு எதுக்குங் பொட்டு?” என்றாள். ஆட்டுக்கல்லுக்கு வைப்பதைக் கிரைண்டர் வந்த வருஷமே நிறுத்திவிட்டாள். அவளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சோறு போடுகிற சாமானுக்கு மட்டும்தான் பொட்டு. பழைய சாமான்காரன் வந்தது பூஜைக்கு முன்னால், பொட்டு வைத்தது பூஜையில், வண்டியில் ஏற்ற நினைத்ததற்கு எவளாவது நாலு நாள் கழித்துப் பொட்டு வைப்பாளா? ஊரெல்லாம் ப்ரோக்ராம் என்கிறது, மச்சான் ப்ரோக்ராம் என்கிறார், அவனே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறான், ப்ரோக்ராமுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று. இவள் மட்டும் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். இத்தனை நாள் எதைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று உளியும் கையுமாக அலைந்தானோ, அது அவள் வைத்த பொட்டு.

ஊசியால் மிச்சத்தையும் சுரண்டினான், பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தான், ஊதினான். கம்பியை வெட்டில் உட்காரவைத்து முறுக்கினான். மீட்டத்தான் பயமாக இருந்தது, இன்னும் ஜிர்ர் என்றால் என்ன செய்வது, போட்ட முடிச்சு முடிச்சுத்தானே. கட்டைவிரலை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, அப்படியே இருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சாந்தாமணி உள்ளே வந்து கட்டைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, கட்டில் மேல் கிடந்த உளியையும் அறுபட்ட ஸ்ட்ரைக்கரையும் திறந்து கிடந்த தன் டிராயரையும் பார்த்தாள். “என்னுங், கேரம் போர்டையும் ஒரு வழி பண்ணிப்போட்டீங்களா?” என்றாள். அவன் உள்ளங்கையை நீட்டினான், மஞ்சள் பொருக்கு அதில் இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள், முகம் சட்டென்று மாறியது. “தொடச்சுப்போட்டனுங்களே, நல்லாத் தொடச்சேனே” என்றாள். அப்புறம், “அதனாலதான் சத்தம் வந்துச்சுங்களா? அன்னைல இருந்து?” என்று கேட்டாள். குரல் உள்ளே போய்விட்டது. கத்துவான் என்று எதிர்பார்த்து நிற்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது, அதைத் தெரிந்துகொண்டதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“எதுக்கு வெச்சே?” என்று கேட்டான். மிரட்டாமல் கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்டதில் அது ரொம்பச் சின்னக் குரலாக வந்தது.

“எதுக்குன்னா? தொழில் சாமானுக்கு வெக்காம, உங்க மொபெட்டுக்கா வெப்பாங்க?” என்றாள். “மறுநா வந்து எடுத்து வாசிப்பீங்கன்னு பாத்தேன், ஒரு வாரம் தொடவே இல்லை. பூஜையில வெச்ச சாமான மறுநா எடுக்கோணுமுங். அதான் எனக்கு மனசே சரியில்லாம இருந்துச்சு.”

இவனுக்கு ஒரு குழப்பம் என்றால் அவளுக்கும் ஒன்று இருந்திருக்கிறது, ஒரே வீட்டில், ஒரே மூலையைச் சுற்றி. அந்தப் பழைய சாமான்காரன் விஷயத்தைக் கேட்டுவிடலாமா என்று வாயெடுத்தான், வேண்டாம் என்று விட்டான், இன்னொரு நாளைக்கு ஆகும். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு? அதுவும் கிடக்கட்டும். அப்போதுதான் தையல் மெஷின் மேல் இருந்த ஃபோன் அடித்தது. மச்சான். எழுந்திருக்க வேண்டும், பேஸை மூலையில் சாத்தினால் இப்போதுதான் முறுக்கிய கம்பி இளகும், கட்டிலில் வைத்தால் உளி குத்தும். “இந்தா, இதைப் பிடி” என்று அவளிடம் நீட்டினான். அவள் இரண்டு கையையும் முந்தானையில் துடைத்தாள், தொடலாமா என்பது போல அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கி இடுப்போடு அணைத்துக்கொண்டாள். “யப்பா, என்ன கனமுங் இது, இத்தன வருசமாத் தோள்ல மாட்டீட்டா நிக்கறீங்க?” என்றாள். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. கனகராஜ் எடுத்தான்.

“மாப்ள, நல்லாருக்கீங்களா? என்ன முடிவு பண்ணுனீங்க?” என்றார் தங்கமுத்து. பின்னால் டொக்டொக்கென்று கல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. சரிங் மச்சான் என்று சொல்ல மூன்று நாளாகப் பழகி வைத்திருந்த வாய், அந்த வார்த்தையை எடுக்கவும் எடுத்தது. எதிரே சாந்தாமணி நின்றாள். கழுத்துப் பட்டையில் பொட்டு இருந்த இடத்தில் விரல் வைத்து, எங்கே தப்பு நடந்தது என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேலைக்குக் கெளம்பீட்டு இருக்கறேனுங் மச்சான்” என்றான் கனகராஜ்.

“வேலைக்கா?” தங்கமுத்துவுக்குப் புரியவில்லை. “என்ன வேலைங் மாப்ள? எங்க?”

கனகராஜ் ஃபோனை மறு காதுக்கு மாற்றினான். பேச்செல்லாம் சாந்தாமணி காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஃபோனைக் கொஞ்சம் இப்படிப் பிடியுங்கள் என்று கண்ணால் காட்டிவிட்டு, கட்டைவிரலைத் தடிக் கம்பியில் கொடுத்து இழுத்துவிட்டாள். ம்ம் என்று எழும்பி, வீடு முழுக்க நின்றது.